மின்சாரக் கார்களில் ஆசனச் சூடும் தொடுதிரையும்

குளிர்ப் பிரதேசங்களில் ஓடும் பெட்ரோல் காரின் உட்புறத்தைச் சூடாக்குவதற்குத் தனியாகச் செலவு செய்யவேண்டியதில்லை. எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் பெரும்பகுதி உஷ்ணமாகவே வீணாகிறது. அவ்வாறு வீணாவதில் ஒரு சிறு பங்கைப் பிரயாணிகளின் பக்கம் திருப்பிவிட்டால் போதும். மின்சாரக் காரில் இவ்வசதி இல்லை. மின்மோட்டார் தான் பெறும் சக்தியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடுவதால், மிஞ்சும் உஷ்ணம் மிகக் குறைவு. மோட்டாரின் திறமையே பிரயாணிக்குக் குளிராக வந்து சேர்கிறது. ஆகவே அவருக்கு வேண்டிய சூடு பெரும்பாலும் பாட்டரியிலிருந்தே வரவேண்டும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். காருக்குள் இருக்கும் காற்றை மின்தடைச் சூடேற்றியால் சூடாக்க 3 கிலோவாட் செலவாகிறது என்று கொள்வோம். கடுங்குளிரில் இதற்கு மேலும் ஆகலாம். ஒரு மணி நேரத்தில் 3 யூனிட் கரைந்துவிடும். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் கொள்ளும் கார் ஒன்று அந்த 3 யூனிட்டைக் கொண்டு 20 கிலோமீட்டர் சென்றிருக்கும். இதற்கு மாறாக, ஓர் ஆசனத்தைச் சூடாக்க 50 முதல் 100 வாட் வரை போதும். நான்கு ஆசனங்களுக்குத் தலா 75 வாட் என்றாலும் மொத்தம் 300 வாட்தான். மணிக்கு 2 கிலோமீட்டர் தூரமே குறையும். வெப்பப் பம்பு பொருத்திய கார்களில் இவ்வித்தியாசம் சுருங்கும் என்றாலும் மறைந்துவிடாது. முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கச் சூடான காற்று எப்படியும் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆசனச் சூட்டின் அமைப்பு மிக எளியது. மெத்தை உறையின் கீழே மெல்லிய உலோகக் கம்பியோ கரிநாரோ வளைத்து வளைத்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் அதிற் பாயும்போது ஜூல் விதிப்படி வெப்பம் உண்டாகிறது. வெப்பமானி ஒன்று அதனை அளவில் நிறுத்துகிறது. உடலும் ஆசனமும் ஒட்டியிருப்பதால் வெப்பம் கடத்தல் முறையில் நேரே உடலை அடைகிறது. இடையிலுள்ள காற்றையெல்லாம் சூடாக்கும் வீண் வேலை இல்லை.

ஆனால் இச்சிக்கனம் கைகூட வேண்டுமானால், வேண்டும்போது சூட்டைக் கூட்டவும் வேண்டாதபோது குறைக்கவும் பிரயாணியால் இயலவேண்டும். அந்த ஸ்விச்சு எங்கே இருக்கிறது என்னும் கேள்வி இங்குதான் பிறக்கிறது.

தொடுதிரையின் மூலக் கருத்தை இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரிலிருந்த ராயல் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் 1965-இல் வெளியிட்டார். 1986-இல் அமெரிக்க ப்யூக் ரிவியேரா கார் ஒரு தொடுதிரையுடன் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் அத்திரையைக் கைவிட்டது. 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் 17 அங்குலத் திரை இருந்தது. 2017-இல் தொடங்கிய மாடல் 3 காரிலோ அநேகமாக எல்லா ஸ்விச்சுகளும் நடுவிலுள்ள ஒரே திரைக்குள் புகுந்துவிட்டன. பின் ஆசனச் சூடும் அவற்றுள் ஒன்று. பின்னால் அமர்ந்திருப்பவர் தம் ஆசனத்தைச் சூடாக்க முன்னால் இருப்பவரைக் கேட்கவேண்டும். தனியே காரோட்டுபவராயின் பாதையினின்று பார்வையை எடுத்துத் திரையைத் தேடவேண்டும்.

திரைக்கும் நியாயம் உண்டு. டஜன் கணக்கான ஸ்விச்சுகளும் அவற்றின் கம்பிகளும் மிச்சமாகின்றன. பின்புறக் காமிராப் படத்தையும், சார்ஜ் செய்யும் நிலையங்களைக் காட்டும் வரைபடத்தையும் திரையின்றிக் காண முடியாது. கார் விற்றபின்னும் புதிய வசதிகளைச் சேர்க்கலாம். (இதே காரணத்தால் வசதியை விற்றபின் பூட்டியும் வைக்கலாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2022-இல் தென் கொரியா முதலிய சில நாடுகளில், காரில் முன்பே பொருத்தியிருந்த ஆசனச் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டு, 2023-இல் அம்முறையைக் கைவிட்டது.)

குறை யாதெனில், வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது என்பதே. குமிழையோ நெம்புகோலையோ கை தடவிக் கண்டுகொள்ளும். கண் பாதையிலேயே இருக்கலாம். இவ்வுண்மை புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க பி-17 விமானிகள் பலர், தரையிறங்கியபின் இறக்கை மடல்களைத் தூக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். அல்போன்ஸ் சாப்பானிஸ் என்னும் உளவியலார் ஆராய்ந்தபோது, ஒரே மாதிரியான இரு பிடிகள் அருகருகே இருந்ததே காரணம் என்று தெரிந்தது. ஒன்றின் முனையில் சக்கர வடிவமும் மற்றதன் முனையில் மடல் வடிவமும் பொருத்தப்பட்டபின் கைக்கு வித்தியாசம் புலப்பட்டது.

ஸ்வீடன் நாட்டின் ‘வி பிலேகரே’ என்னும் மோட்டார் பத்திரிகை 2022-இல் ஒரு விமான ஓடுதளத்தில் இதனைச் சோதித்தது. ஓட்டுநர்கள் கார்களுடன் முதலிற் பழகிக்கொள்ள இடமளித்து, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஆசனச் சூட்டைப் போடுவதும் அவற்றுள் அடங்கும். ஸ்விச்சுகள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 வினாடியில் எல்லாம் முடிந்தன. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. டெஸ்லா மாடல் 3-இல் 23.5 வினாடி ஆயிற்று. எம்.ஜி. மார்வெல் ஆர் காரிலோ 44.9 வினாடி, தூரம் 1,372 மீட்டர். எனினும் திரையுள்ள மின்சார வால்வோ சி40 காரில் இவ்வேலைகள் 14 வினாடிக்குள் முடிந்தன. எனவே பழியெல்லாம் திரையின்மேல் போடுவதற்கில்லை. திரைக்குள் ஒரு காரியம் எத்தனை படி ஆழத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு முறை பார்வை விலகும் நேரம் 2 வினாடிக்கு மேற்படலாகாது என்கிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு வினாடிக்குள் கார் 61 மீட்டர் சென்றுவிடும்.

ஜெர்மனியில் இவ்விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. மழையில் டெஸ்லா ஓட்டிச் சென்ற ஒருவர், துடைப்பான் வேகத்தைத் திரையில் மாற்றும்போது பாதை தவறி மரங்களில் மோதினார். கார்ல்ஸ்ரூ உயர் மாநில நீதிமன்றம் 2020 மார்ச்சில், காரிலேயே பொருத்தப்பட்ட திரையும் மின்னணுச் சாதனமே என்று கொண்டு, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுதல் தடையையும் உறுதி செய்தது.

ஆசனச் சூட்டில் வேறோர் அபாயமும் உண்டு. நீரிழிவாலோ தண்டுவடக் காயத்தாலோ கால்களிலும் இடுப்பிலும் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு ஏறுவது தெரிவதில்லை. அத்தகையோர் ஆசனச் சூட்டினால் தீப்புண் அடைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். நோயாளியையும் முதியவரையும் பெரும்பாலும் பின் ஆசனத்திலேயே அமர்த்துகிறோம். அருகில் துணைக்கு இருப்பவர் கைநீட்டி அணைக்கக்கூடிய ஸ்விச்சு, கதவிலோ ஆசனங்களின் நடுவிலோ இருந்தாக வேண்டும். சிறு குழந்தை விளையாட்டாகப் போட்டுவிடாதபடி முன்னாலிருந்து அதனைப் பூட்டும் வசதியும் இருப்பின் இன்னும் நன்று.

மாற்றம் ஓரளவு வந்திருக்கிறது. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் 3 காரில் பின்னிருப்போருக்கென 8 அங்குலத் திரை வைத்தார்கள். ஆயினும் அதே காரில் திரும்பும் சைகைக்கான பிடியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் பொத்தான்களாக்கினார்கள்! ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை அளந்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026-ஆம் ஆண்டின் விதிகளில், திரும்பும் சைகை, அபாய விளக்கு, ஹாரன், துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் தனிச் சாதனம் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்தது. இது சட்டமன்று, ஆசனச் சூடு அப்பட்டியலில் இல்லை.

இந்தியச் சமவெளிகளில் ஆசனச் சூட்டுக்குத் தேவை அரிது. குளிர்காற்று ஸ்விச்சு அதனிடத்தை வகிக்கிறது. லடாக், இமாசலம் போன்ற இடங்களில் பணிபுரிவோர் மட்டும் ஒன்றைக் கவனிப்பது நலம்: தொடுதிரைகளில் பெரும்பாலானவை விரலின் மின்தன்மையைக் கொண்டே தொடுதலை உணர்வதால், தடித்த கம்பளிக் கையுறையோடு தொட்டால் அவை இயங்கா. சூடு மிகத் தேவைப்படும் வேளையில் கையுறையைக் கழற்றவேண்டியிருக்கும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். ஓர் அட்டையில் சட்டைப் பொத்தான், தீப்பெட்டி, மணி, சாவி ஆகிய நான்கையும் ஒட்டுக. மற்றோர் அட்டையில் அதே நான்கையும் அதே இடங்களில் படமாக மட்டும் வரைக. மாணவன் ஒருவன் பாடப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டே, ஆசிரியர் சொல்லும் பொருளை வலப்புறம் உள்ள அட்டையில் தொடவேண்டும். அவன் கண் புத்தகத்தைவிட்டு எத்தனை முறை விலகுகிறது என்பதைப் பக்கத்து மாணவன் எண்ணட்டும். அட்டைக்கு இருபது தடவை செய்து, இரண்டு எண்ணிக்கைகளையும் கரும்பலகையில் எழுதுக. பின்னர் பொருள்களின் இடத்தை மாற்றி ஒட்டி, மீண்டும் ஒரு முறை எண்ணிப் பார்க்கச் செய்க.