பி.டி. பருத்தியும் மண்ணின் நுண்ணுயிரிகளும்

தியாகராய நகரில் விற்கும் பருத்தி ஆடையைக் காட்டி இப்பாடத்தைத் தொடங்கலாம். 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, இந்தியப் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயிராகிறது. ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் மண் பாக்டீரியாவின் மரபணு, இச்செடியில் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்பட்டுப் புழுவைக் கொல்கிறது.

வேர், உதிர்ந்த இலை வழியே இப்புரதம் மண்ணைச் சேர்ந்து களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. நுண்ணுயிரிகள் பாதிக்கப்படுமா? பெரும்பாலான ஆய்வுகளில் நிலைத்த பெரிய மாற்றம் தென்படவில்லை. மண்வகை, ஈரம், பயிரின் பருவம் ஆகியவையே கூடுதல் வேறுபாட்டைத் தந்தன. ஆயினும் ஒரு மண்ணில் கண்ட முடிவை எல்லா மண்ணுக்கும் பொருத்த இயலாது.

செயல்பாடு: பருத்தி வயல் இல்லாத சென்னைப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். ஒரே அளவுள்ள இரு வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகளை எடை பார்க்கவும். ஒன்றைத் தோட்ட மண்ணிலும், மற்றதை மட்கிய உரம் கலந்த அதே மண்ணிலும் புதைத்து, சம அளவு நீர் ஊற்றவும். நான்கு வாரம் கழித்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடை பார்க்கவும். எடை குறைந்த அளவு நுண்ணுயிரிகளின் செயலைக் காட்டும்.

மதிப்பீடு: பி.டி. மரபணுவின் விளைவை அறிய எந்த இரு மண்ணை ஒப்பிட வேண்டும்? ‘ஒரே வயல், ஒரே உரம், ஒரே ரகம், மரபணு மட்டும் வேறு’ என்ற விடையை மாணவர்களே கண்டறியட்டும்.