இரண்டு கம்பிகள் இருந்தால் போதுமா?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அவ்வழியே பேருந்தில் சென்றவர்கள் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு மேலே வயல்களையும் ஏரிகளையும் தாண்டிச் செல்லும் மின்கோபுரங்களைக் கவனித்தீர்களா? அடுத்த முறை கவனியுங்கள். பல கோபுரங்களில் இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று என மின்கம்பிகள் தொங்கும். மூன்று கம்பிகள் சேர்ந்தது ஒரு மின்பாதை. ஆகவே அக்கோபுரம் இரண்டு மின்பாதைகளைச் சுமக்கிறது.

ஏன் இரண்டு? ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்றுதான். இந்த விடை சரியே, ஆனால் முழுமையானதன்று.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை இயங்கி வருகிறது. இத்தகைய ஆலையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். உலையை ஒருமுறை மூட்டினால் ஆண்டுக்கணக்கில் அணைப்பதில்லை. உலை எரிவது எண்ணெயாலோ எரிவாயுவாலோ இருக்கலாம். ஆனால் விசிறிகளும் நீரேற்றிகளும் உருளைகளும் ஓடுவது மின்சாரத்தால். அவை நின்றால், வரும் கண்ணாடி வந்த இடத்திலேயே இறுகத் தொடங்கும். வீட்டில் மின்சாரம் போனால் கைவிசிறியை எடுத்துக்கொள்ளலாம். உருகிய கண்ணாடியிடம் "சற்றுப் பொறு" என்று சொல்ல முடியாது! ஆகவேதான் பொறியாளர்கள் நம்பகத்தன்மையை எண்ணால் அளக்க விரும்புகிறார்கள்.

ஒரு மின்பாதை ஆண்டில் 99 சதவீத நேரம் நல்ல நிலையில் இருக்கிறது எனக் கொள்வோம். தேர்வில் 99 மதிப்பெண் என்றால் நாம் மகிழ்வோம். இங்கோ கணக்கு வேறு. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87.6 மணி, அதாவது மூன்றரை நாளுக்கும் மேல் இருட்டு.

இப்போது அதே தரமுள்ள இரண்டாவது பாதையைச் சேர்ப்போம். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகும் நிகழ்தகவு 0.01 × 0.01 = 0.0001. ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம் மட்டுமே இருட்டு! மூன்றரை நாள் ஒரு மணிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது.

சற்றுப் பொறுங்கள். இந்த அழகிய விடைக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, ஒவ்வொரு பாதையும் தனியே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். தேவை 150 மெகாவாட், ஒரு பாதை தாங்குவது 100 மெகாவாட் என்றால் என்ன ஆகும்? ஒன்று விழுந்தவுடன் மற்றொன்றின் மேல் 150 மெகாவாட் ஏறும். பாதுகாப்புக் கருவி அதையும் துண்டித்துவிடும். இப்போது இரண்டும் நலமாக இருந்தால்தான் மின்சாரம். அதன் நிகழ்தகவு 0.99 × 0.99 = 0.9801. இருட்டு ஆண்டுக்கு 174 மணி. ஒற்றைப் பாதையே 100 மெகாவாட்டுக்கு 87.6 மணிதான் இருட்டைத் தந்தது. கூடுதல் கம்பி கட்டியும் தடங்கல் இரு மடங்காகிவிட்டது! இதனால்தான், எந்த ஓர் உறுப்பு விலகினாலும் மீதமுள்ளவை சுமையைத் தாங்க வேண்டும் என்பதை மின்தொடர் அமைப்பில் அடிப்படை விதியாக வைத்திருக்கிறார்கள். 'என் கழித்தல் ஒன்று' என்பது அதன் பெயர்.

அவ்விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதை 2012-ஆம் ஆண்டு நாடே கண்டது. மத்தியப் பிரதேசத்தில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையே 400 கிலோவோல்ட் பாதைகள் இரண்டு இருந்தன. ஒன்றை உயர் மின்னழுத்தத்துக்கு மாற்றும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்றொன்று வடக்கு நோக்கிப் பெருஞ்சுமையை இழுத்துக்கொண்டிருந்தது. ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு அதுவும் துண்டிக்கப்பட்டது. விந்தை என்னவென்றால், கம்பியில் எந்தப் பழுதும் இல்லை. மிகுந்த சுமையையே பழுது என்று ரிலே எடுத்துக்கொண்டது! வட மாநிலங்கள் இருண்டன. மறுநாள் பிற்பகல் மீண்டும் சரிவு. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. தமிழகம் தப்பியது. அன்று தென்னகத் தொகுப்பு மற்றவற்றுடன் நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடுக்கப்பட்டிருந்தது. அங்கே ஏற்பட்ட தடுமாற்றம் அவ்வழியே இங்குப் பரவவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கும் அதே தாளத்தில் இணைந்தது. அதனால் தட்டுப்பாட்டில் உதவி பெறுவது எளிதாயிற்று. தொலைவில் நேரும் தொல்லையில் பங்கும் வந்தது.

இரண்டாவது நிபந்தனை இன்னும் நுட்பமானது. 0.01-ஐ 0.01-ஆல் பெருக்கினோமே, ஏன்? ஒரு பாதையின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்று எண்ணித்தான். ஆனால் இரண்டும் ஒரே கோபுரத்தில் அல்லவா தொங்குகின்றன! 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. புயல் ஒரு கம்பியைத் தள்ளிவிட்டு அடுத்ததை விட்டுவைப்பதில்லை.

கணக்கைத் திருத்துவோம். 87.6 மணியில் 10 மணி நேரம் கோபுரம் சாய்வதால் வருகிறது எனக் கொள்க. அந்த 10 மணியும் இரு பாதைகளுக்கும் பொது. மீதி 77.6 மணியை மட்டுமே முன்போலப் பெருக்கலாம். அதிலிருந்து வருவது 41 நிமிடம். மொத்தம் 10 மணி 41 நிமிடம். 53 நிமிடம் எங்கே, இது எங்கே! மூன்றாவது பாதையையும் அதே கோபுரத்தில் கட்டினால் அந்தப் 10 மணியில் ஒரு நிமிடமும் குறையாது. வேறு வழியில், வேறு துணைமின்நிலையத்திலிருந்து வரும் பாதைதான் அதைக் குறைக்கும். அதற்கு நிலமும் பணமும் மிகுதியாக வேண்டும் என்பதால் எல்லா ஆலைக்கும் அது கிட்டுவதில்லை. டீசல் மின்னாக்கியை வைத்துக்கொள்கிறார்கள்.

மின்னாக்கத்துக்கும் இதே முறையில் கணக்கு உண்டு. தேவையை நிறைவு செய்ய முடியாத நேரம் 0.2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2018-இல் வெளியான தேசிய மின் திட்டம் அளவு வைத்தது. ஆண்டுக்குச் சுமார் பதினேழரை மணி.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 மெகாவாட் தேவைப்படும் ஆலைக்கு மூன்று பாதைகள். ஒவ்வொன்றும் 60 மெகாவாட் தாங்கும். ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் நலம். மூன்றும் தனித்தனிக் கோபுரங்களில் செல்கின்றன. ஆண்டுக்கு எவ்வளவு நேரம் ஆலைக்கு முழு மின்சாரம் கிடைக்காது?

(விடை: சுமார் 2 மணி 37 நிமிடம். மூன்றில் எவையேனும் இரண்டு நலமாக இருந்தால் போதும் என்பதிலிருந்து தொடங்குக.)