கண்ணில் விழுந்த துரும்பும் கடைச் சொட்டு மருந்தும்

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் விளாங்குடியில் திண்டுக்கல் சாலையோரம் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. லாரி கிளப்பும் புழுதி, கட்டட மணல், காய்ந்த சருகு எல்லாம் முகத்தில் வந்து அடிக்கும். தை பிறந்தால் சமயநல்லூர், சோழவந்தான் பக்கம் அறுப்பு. களத்தில் நெல் சுணை பறக்கும். மதுரைப் பக்கத்துக் கண்களுக்குச் சோதனையான பருவங்கள் இவை இரண்டும்தான். 2006 முதல் 2009 வரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த கருவிழிப் புண் நோயாளிகளின் பதிவுகளை மாதவாரியாக அலசியபோது, பூஞ்சையால் வரும் புண்கள் ஜூலையிலும் ஜனவரியிலும் அதிகமாவது தெரிந்தது.

பெரிய அடி பட்டால்தான் கருவிழியில் புண் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நெல் தோகை உரசினாலே போதும். பால் கறக்கும்போது மாடு வாலை வீசுவது, மடியில் இருக்கும் குழந்தையின் நகம் கீறுவது, வேலி முள் நுனி படுவது, இவற்றில் ஏதாவது ஒன்றே போதும். கருவிழியின் மேல்தோல் மிக மெல்லியது. அது முழுசாக இருக்கும்வரை கிருமியை உள்ளே விடாது; கீறல் விழுந்தால் வழி திறந்துவிடும். மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சை பல நேரம் அந்தத் துரும்போடேயே வந்து சேர்கிறது. அது மெதுவாக வளரும். முதல் சில நாள் லேசான உறுத்தல், கொஞ்சம் சிவப்பு, கண்ணீர், அவ்வளவுதான். அதனால்தான் “தூசிதானே, சரியாயிரும்” என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த நோயைப் பற்றி உலகம் நம் ஊர்க் கண்களிலிருந்து நிறையக் கற்றிருக்கிறது. அரவிந்தின் டாக்டர் எம். சீனிவாசனும் கலிபோர்னியா டாக்டர்களும் 1993ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், மதுரை மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்கு ஓர் ஆண்டில் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கு 11. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரைக்கு 434 பேர் இந்தப் புண்ணோடு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்குக் காரணம் பூஞ்சை. உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதாக 2021இல் ஒரு மதிப்பீடு வெளியானது. வெயிலும் வயலும் சேர்ந்த நாடுகளில்தான் இது அதிகம்.

இனி மெடிக்கல் கடைக்கு வருவோம்.

“அண்ணே, கண்ணு செவந்து உறுத்துது. நல்ல சொட்டு மருந்தா ஒண்ணு குடுங்க.”

“இத ஊத்துங்கக்கா, ரெண்டு நாள்ல செவப்பு போயிரும்.”

தினமும் நடக்கிற பேச்சு. சிவப்பு போகும் என்பதும் உண்மை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. இப்படி எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பும் வலியும் கிருமியோடு உடம்பு போடும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும், கிருமியைத் தொடாது. பூஞ்சையைக் கொல்லும் வேலை சாதாரண ஆன்டிபயாடிக்குக்கும் தெரியாது. எதிர்ப்பே இல்லாத கருவிழிக்குள் பூஞ்சை ஆழமாக இறங்கும். நோயாளிக்கோ “மருந்து கேக்குது” என்ற நிம்மதி. பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைத் திட்டோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது, புண் ஆறினாலும் பூ விழுந்த கண்ணாகத்தான் மிஞ்சும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்படும். கண்ணையே எடுக்க வேண்டிய நிலையும் உண்டு.

டாக்டர்களே ஸ்டீராய்டை எவ்வளவு யோசித்துத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். பாக்டீரியாவால் வந்த புண்ணில் ஸ்டீராய்டு சேர்த்தால் பார்வை மேலும் தேறுமா என்று 500 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அரவிந்த் நோயாளிகள். பாக்டீரியாதான் என்று ஆய்வகத்தில் உறுதிசெய்து, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகே ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. நொகார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்குத் தழும்பு பெரிதாகத்தான் ஆனது. இத்தனை கவனத்தோடு கொடுத்தும் அவ்வளவுதான் பலன் என்றால், கிருமி எதுவென்றே தெரியாமல் ஊற்றுவதை என்ன சொல்வது?

ஆகவே அட்டைப்பெட்டியில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள்; முடியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன், புளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால், டைபுளூபிரட்னேட், இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. இன்னொரு வழியிலும் இது வீட்டுக்குள் இருக்கும்: பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த பாட்டிலில் மிச்சம். பாட்டிக்கு அது தேவையான மருந்து, டாக்டர் சொன்ன நாள்வரை விடத்தான் வேண்டும். முடிந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள், பேரன் கண்ணுக்கு வேண்டாம். பிள்ளைகளின் கண் அரிப்புக்கு இதையே மாதக்கணக்கில் வாங்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குக் கண்ணின் நீர் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி, பார்வை நரம்பு பட்டுப்போகும். அந்தப் பார்வை திரும்பாது.

கண்ணில் ஏதாவது விழுந்தால் தேய்க்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் கண்ணை நன்றாக அலசுங்கள். நாக்கால் எடுப்பது, முந்தானை நுனியால் துழாவுவது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஊற்றுவது எதுவும் வேண்டாம். பாசத்தோடு செய்வதுதான், ஆனால் கீறல் விழுந்த கண்ணுக்குள் அவை புதுக் கிருமியைக் கொண்டுபோகும். அலசிய பிறகும் உறுத்தல் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அன்றைக்கே என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நேபாளத்தில் பக்தபூரில் கருவிழி கீறிய 442 பேருக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டு கவனித்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18இலிருந்து 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாளைத் தாண்டி வந்த 49 பேரில் 14 பேருக்கு! அதே களிம்பு, அதே ஊர், தாமதம் மட்டும்தான் வேறு. விளாங்குடியிலிருந்து கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையோ அண்ணா நகர் அரவிந்தோ எட்டாத தூரமில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் புண் முற்றிவிட்டால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கூலி போகும்.

அங்கே போனால் என்ன செய்வார்கள் என்ற பயமும் வேண்டாம். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இழை இழையாகத் தெரியும். பெரும்பாலும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். பூஞ்சை என்றால் நேடாமைசின் சொட்டு மருந்து. விலை கூடிய வோரிகோனசோலா, பழைய நேடாமைசினா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில் நேடாமைசினே ஜெயித்தது. வயல்காட்டுப் பூஞ்சையான பியூசேரியத்துக்கு அந்த வித்தியாசம் மிகத் தெளிவாக இருந்தது. பால் போல வெள்ளையான மருந்து அது, பாட்டில் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை விடச் சொல்வார்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

கதிர் அடிப்பவர்கள், கிரைண்டிங் பட்டறையில் நிற்பவர்கள் கண்ணாடி போட வேண்டும். பைக்கில் போனால் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடும் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சின்னக் கீறலும் ஆற நாளாகும், அவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை ஊற்றிய எல்லாப் பாட்டிலையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இலைச்சாறு விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என்ன விழுந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது, என்ன ஊற்றினீர்கள் என்ற இந்த மூன்றும் தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.