எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்ட வாசகருக்கு

அன்புள்ள ஐயா,

பென்ஷன் கணக்கு, மகனோடு வீடியோ பேச்சு, பேரனின் கேம்ஸ் எல்லாமே ஒரே கணினியில் இருக்கின்றன, எந்த ஆன்டிவைரஸ் வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். எனக்கு உறுத்தியது, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த இன்னொரு விஷயம்: விண்டோஸ் போட்டுக்கொடுத்த கடைத் தம்பி டிஃபெண்டரை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார், இல்லாவிட்டால் "சாஃப்ட்வேர் ஏறாது" என்று சொல்லி.

ஏறாதது எது தெரியுமா? கிராக். காசு கொடுக்காத விண்டோஸையும் ஆஃபீஸையும் ஏமாற்றி ஓடவைக்கிற ஆக்டிவேட்டர். தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் குறைந்த செலவில் கேட்கிறார், அவர் பென் டிரைவில் இருப்பதைப் போட்டுக் கொடுக்கிறார். ஆனால் அதை எழுதியது யார் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காவலை அணைத்துவிட்டு, முழு அதிகாரமும் கொடுத்து, அந்த முகம் தெரியாத ஆளின் நிரலை ஓடவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை நம்பியே பிழைத்த ஒரு ரான்சம்வேர் உண்டு. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் பெயர். பெரிய நிறுவனங்களை அது தேடிப் போகவில்லை. ஆக்டிவேட்டர், கேம் கிராக் என்று தேடுகிற வீட்டுக் கணினிகளே அதற்கு இரை. படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் ஆடித் தள்ளுபடி மாதிரி பாதி விலை, 490. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் பூட்டைத் திறக்க இலவசக் கருவி வெளியிட்டது. அது பழைய வகைகளுக்கு உதவியது. பின்னால் வந்த பலவற்றுக்கு உதவவில்லை. ஆகவே ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை அசல் விண்டோஸுக்குக் கொடுங்கள். ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் தட்டலாம்.

அப்டேட் வந்தால் கணினி மெதுவாகிறது என்று நிறுத்தி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை வானாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. வலையில் இணைந்திருந்த கணினிகளுக்குத் தானாகவே தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. அதை ஓரளவு நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர். அந்த நிரல் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு இணைய முகவரியை யாருமே பதிவு செய்யாதிருப்பதைக் கண்டு, சுமார் பத்து டாலருக்குத் தன் பெயரில் வாங்கினார். அதுவே அந்த நிரலை நிறுத்தும் சுவிட்ச் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது! இதில் எரிச்சலூட்டும் பகுதி வேறு. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. "பிறகு நினைவூட்டு" என்பதை இரண்டு மாதம் அழுத்தியவர்கள் எத்தனையோ பேர். மெதுவாவதுதான் குறை என்றால், இரவு சாப்பிட உட்காரும்போது ஓடவிடுங்கள்.

உங்களுடையது விண்டோஸ் 10 என்றால் ஒன்று கவனியுங்கள்: அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-ஐ உங்கள் இயந்திரம் ஏற்காவிட்டால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். பேரன் ஒரு வாரம் முணுமுணுப்பான்.

அடுத்தது, மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற வைஃபை பெட்டி. அதுவும் ஒரு கணினிதான், ஆனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2016-இல் மிராய் என்ற நிரல், அட்மின், 1234 போன்ற தயாரிப்பாளர்களே வைத்து அனுப்புகிற அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணைய முகவரிகளுக்கு வழிகாட்டுகிற டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கும் திறக்கவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மீண்டும் வரும். ஃபைபர் போட்டவரைக் கூப்பிட்டு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, பெட்டிக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டு வேறு என்று சொல்லி இரண்டாவதையும் மாற்றச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பெட்டியை இயக்குகிற வசதி திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். புதுப் பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைப்பதில் தப்பே இல்லை. சீனாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ வருகிறவன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

பேரனுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள், நிர்வாகி அதிகாரம் இல்லாமல். கேம் எதையாவது ஏற்றப் பார்த்தால் பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், நீங்கள் எட்டிப் பார்க்கலாம். திரை முழுக்கச் சிவப்பாகி, "வைரஸ் தாக்கிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று அலறினால் அழைக்காதீர்கள். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எண்ணுக்கு அழைத்தால் எனிடெஸ்க் என்ற செயலியைப் போடச் சொல்வார்கள். போட்டதும் உங்கள் திரை அவர்கள் கையில். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து வைக்க வழியுண்டு.

பேத்தியின் காதுகுத்துப் படங்கள் இந்தக் கணினியில் மட்டுமே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன எதையும் தொடங்குமுன், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் அவற்றைப் பிரதி எடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஒட்டுங்கள். மைக்கை மட்டும் அது அடைக்காது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்