சுவாமிமலையில் புதிதாக ஒரு வார்ப்புப் பட்டறை

பெருநகரத்தை விட்டுச் சிற்றூரில் பட்டறை போட வரும் உலோகக் கலைஞரின் கண்ணில் முதலில் படும் ஆதாயம் வாடகைக் குறைவுதான் என்றாலும், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் அவர் காலூன்றுவது மண், மெழுகு, வரட்டி, நகாசு தெரிந்த கை ஆகிய நான்கும் கூப்பிடு தொலைவில் கிடைப்பதனால்தான். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் திருப்பணிக்கு வந்த ஸ்தபதிகளின் வழியினர் இங்கே தங்கிவிட்டதற்குக் காவிரி வண்டலே காரணம் என்று ஊரில் சொல்லப்படுவது வழக்கம்; அது வரலாறாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மண்ணைக் கையாண்டவர்களுக்கு அதில் வியப்பு எதுவும் இராது.

மெழுகு வார்ப்பு என்பது தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவாக்கிய பிரதிமையின் மேல் மண் பூசி, உலர்த்தி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையாகும். எரித்த உமியோடு மைபோல அரைத்த வண்டலே முதற்பூச்சு. நகக்கீறல் அளவுக்குச் செதுக்கிய அணிகலனையும் அது அப்படியே பதிவு செய்துகொள்ளும். ஆயினும் அதை வெயிலில் காயவைத்தால் உள்ளிருக்கும் மெழுகு இளகிக் கோடுகள் மழுங்கும் என்பதால் நிழலிலேயே உலர்த்த வேண்டும்; அதற்குக் காற்றோட்டமுள்ள ஒரு தாழ்வாரம் வேண்டும். எனவே வீடு பார்க்கும்போது கூடத்தின் அளவைவிடத் தாழ்வாரத்தின் அளவைக் கவனிப்பதே அறிவுடைமை.

ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் அந்த நிழலும் உதவாது. ஈரம் முற்றும் நீங்காத கருவில், அதாவது மண் அச்சில், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகத்தை ஊற்றினால், நீர் ஆவியாகி உலோகத்தை வெளியே வாரி இறைக்கும். சிலை பாழாவதோடு ஆளுக்கும் ஆபத்து. ஆகவே மழை மாதங்களை மெழுகு வேலைக்கும் நகாசுக்கும் ஒதுக்கி, வார்ப்பைத் தைக்குப் பின் வைத்துக்கொள்வது புதியவருக்குப் பாதுகாப்பானது. அந்த இடைவெளியில் வரவு குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

உலைக்களத்தில் கவனிக்க வேண்டியது உலோகங்களைச் சேர்க்கும் வரிசை. செம்பு 1084 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. பித்தளையில் உள்ள துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகிய பிறகே பித்தளையை மூசையில், அதாவது உருக்கும் கலத்தில், இட வேண்டும் என்பது இதனால்தான். அப்போதும் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வருவதுண்டு. ஈயப்புகை அதனினும் கொடியது. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் உலை வைப்பது அண்டை அயலாரோடு பகையை விலைகொடுத்து வாங்குவதாகும். பேரூராட்சியில் உரிமம் கேட்பதற்கு முன்பே பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது, பின்னர் வரக்கூடிய பல மனுக்களைத் தவிர்க்கும்.

உண்மையில், வந்தவுடன் உலை வைக்கத்தான் வேண்டுமா என்பதே ஆராயத்தக்கது. மெழுகு உருவைத் தானே செய்து, வார்ப்பை அனுபவமுள்ள ஒரு பட்டறையில் கூலிக்குக் கொடுப்பதால் முதலீடு குறைவதுடன், கரு எந்தப் பதத்தில் சிவந்திருக்கும்போது உலோகத்தை ஊற்றினால் விரல் நுனிவரை ஓடும், எப்போது நடுவிலேயே உறையும் என்பதையும் அருகிலிருந்து பார்க்க முடிகிறது. நகாசுக்காரர்கள் ஒரே சமயத்தில் பல பட்டறைகளுக்கு உளி பிடிப்பவர்கள். கூடுதல் கூலி காட்டி அவர்களை இழுத்துக்கொள்ளும் புதியவர், மண்ணுக்கும் வரட்டிக்கும்கூட ஊரில் ஆள் கிடைக்காமல் திண்டாட நேரும்.

விலை சொல்வதற்கு மெழுகின் எடையே அடிப்படை. வெண்கலம் மெழுகைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே கனமாக வார்க்கும் சிலைக்கு ஒரு கிலோ மெழுகுக்கு ஒன்பது கிலோ உலோகம் என்றும், வாய்க்காலில் தங்குவதற்குச் சற்று மிகுதியும் கொள்ள வேண்டும். செம்பின் விலை நாளுக்கு நாள் மாறுவதால், உலோகத்துக்கான தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளாத பட்டறை, வாடிக்கையாளருக்குத் தன் செலவில் கடன் கொடுப்பதாகவே முடியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகளைத் தொல்பொருள்களாகக் கருதி, தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால் பழமையான தோற்றம் கொண்ட புதிய சிலைக்கு, அது தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டியிருக்கிறது. பச்சைக் களிம்பு ஏற்றிப் பழையதுபோலக் காட்டித் தரும்படி வரும் வேலைகளை மறுத்துவிடுவதே நலம். மற்றச் சிலைகளுக்கு மெழுகு நிலையிலும், கரு உடைத்த நிலையிலும், நகாசு முடிந்த நிலையிலும் எடுத்த படங்களை விற்பனைச் சீட்டின் நகலோடு சேர்த்து வைத்திருந்தால், சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது சிலையின் வயதைப் பற்றிய கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும்.