அரசியை ஈந்த ஆட்டம்

பழைய இந்தியச் சதுரங்கத்தில் அரசி இல்லை. அரசனின் அருகில் மந்திரியே நின்றார். மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்வதே அவரது ஆற்றல். ஐரோப்பாவில் அக்காய் அரசியாகிப் பலகை முழுவதும் ஆளும் வலிமை பெற்ற பிறகே, அதனை இழப்பது தோல்விக்கு ஒப்பாயிற்று.

1956 அக்டோபர் 17 அன்று, நியூயார்க்கின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் டொனால்ட் பைர்னை எதிர்த்துக் கருங்காய்களுடன் ஆடினார் பாபி ஃபிஷர். அப்போது அவருக்கு வயது 13. பைர்னின் அரசன் கோட்டை கட்டிக்கொள்ளாமல் வெளியில் நின்றான். ஃபிஷரின் அரசியோ வெட்டுப்படும் நிலையில் இருந்தாள். 17ஆம் நகர்த்தலில் அவர் அரசியைக் காக்கவில்லை, பிஷப்பை நகர்த்தினார்!

பைர்ன் அரசியை வெட்டினார். உடனே ஃபிஷரின் பிஷப்பும் குதிரையும் மாறிமாறி முற்றுகையிட்டன. அரசன் இரு கட்டங்களுக்கிடையே அலைய, ஒரு யானையும் இரு பிஷப்புகளும் ஒரு காலாளும் ஃபிஷர் வசமாயின. அரசியை விடுத்து அந்தப் பிஷப்பை வெட்டியிருந்தால் பைர்ன் தப்பியிருப்பாரா? இல்லை. அவ்வழியில் அரசியை மற்றொரு கட்டத்தில் பலியிட்டுக் குதிரையால் அரசனை வீழ்த்தலாம். வியப்புக்குரியது இதுவே.

41ஆம் நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பைர்னின் அரசி அப்போதும் பலகையில் இருந்தாள். தொலைவில், உதவ இயலாமல். ஹான்ஸ் க்மோக் இதற்கு ‘நூற்றாண்டின் ஆட்டம்’ எனப் பெயரிட்டார்.