அசெம்பிளி வரி காணாமல் போகாமல் இருக்க

2018-ல் சென்னை ஐஐடியின் ரிஸ்க்-ஃபைவ் சிப்பான சக்தியில் லினக்ஸ் ஓடியது முதல், ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை எழுதிப் பார்க்கும் ஆசை நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. வைத்திக்குப்பத்து மொட்டைமாடி அறையில் கெர்னலோடு மல்லுக்கட்டியபோது நான் குறித்து வைத்தவை இவை.

1. சி நிரலுக்கு நடுவே அசெம்பிளி எழுதினால் 'வோலடைல்' சேருங்கள். அந்த வரி என்ன செய்கிறது என்று ஜிசிசி கம்பைலருக்குத் தெரியாது. அது தரும் விடை யாருக்காவது வேண்டுமா என்று மட்டும் பார்க்கும். வேண்டாமென்றால் வரியையே தூக்கிவிடும். மேசையை ஒழுங்குபடுத்தும் அம்மா ரேஷன் கார்டையும் பழைய பேப்பரோடு போடுவது மாதிரி. நேரம் அளக்க சைக்கிள் கவுண்டரை இரண்டு முறை படித்துக் கழித்தேன். இரண்டும் ஒரே வரிதானே என்று ஜிசிசி ஒன்றாக்கிவிட்டது. விடை பூஜ்யம். என் நிரல் நேரமே எடுக்கவில்லை என்று அரைநாள் பெருமையாகத் திரிந்தேன்.

2. வெளியீடே இல்லாத அசெம்பிளி வரி தானாகவே வோலடைல்தான். ஆனாலும் எழுதிவிடுங்கள்.

3. வோலடைல் மட்டும் போதாது. பக்கத்திலிருக்கும் சாதாரண நினைவக வரிகள் அசெம்பிளி வரியைத் தாண்டி இடம் மாறலாம். அந்த வரி எதையெல்லாம் மாற்றும் என்று சொல்லும் கிளாபர் பட்டியலில் 'மெமரி' சேர்த்தால் தாண்டாது. மாசி மகத்தன்று நம் கடற்கரையில் கூட்டத்துக்குக் கயிறு கட்டுவது போலத்தான்: அந்தந்தப் பக்கம் நெருக்கியடிக்கலாம், கயிற்றைத் தாண்டக் கூடாது. லினக்ஸின் 'பேரியர்' மேக்ரோவில் இருப்பதும் ஒரு வெற்று அசெம்பிளி வரியும் இந்தச் சொல்லும்தான்.

4. அந்தக் கயிறு கம்பைலருக்கு மட்டும். ஓடும்போது பிராசசரே வரிசையை மாற்றும். அதற்கு ரிஸ்க்-ஃபைவில் 'ஃபென்ஸ்' கட்டளை வேண்டும்.

5. உள்ளீட்டைப் படித்து முடிக்கும் முன்பே விடையை எழுதுகிறீர்களா? வெளியீட்டுக்கு '&' குறி போடுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டர் கிடைத்து, உள்ளீடு அழியலாம்.

6. லேபிளுக்குப் பெயர் வைக்காதீர்கள், எண் போடுங்கள். கம்பைலர் வரியைப் பல இடங்களில் நகலெடுத்தால் பெயர்கள் மோதும்.

7. கடவுச்சொல்லை அழிக்க மெம்செட்டை நம்பாதீர்கள். அதன்பின் அந்த இடத்தை யாரும் படிக்கவில்லை என்றால் அழிக்கும் வேலையையே கம்பைலர் ரத்து செய்துவிடும். லினக்ஸில் இதற்கென்றே 'மெம்ஜீரோ_எக்ஸ்பிளிசிட்' இருக்கிறது.

8. கடைசியில், உருவான கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டுப் பாருங்கள். கவுண்டரை இரண்டு முறை படிக்கச் சொல்லியிருந்தால், அங்கே இரண்டு வரி இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள்.